கீழ்ப்படியாத உடலும் வாய் திறவாத உள்ளமும்

தமிழில் ‘ஆண்மை’ என்னும் சொல் பெருமைக்குரியது. ஆளும் திறமும் அஞ்சாமையும் பொறுப்பேற்கும் உள்ளமும் அதில் அடங்கும். பிறர் மனைவியை நாடி நோக்காத மனவுறுதியையே வள்ளுவர் ‘பேராண்மை’ எனப் போற்றினார். அத்துணை உயர்ந்த சொல்லை நாம் எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறோம் என்பதைப் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களைக் கண்டோர் அறிவர். ‘ஆண்மைக் குறைவு’ எனக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, அதன்கீழ் ஒரு விடுதியின் பெயரும் அறை எண்ணும் வைத்தியர் வருகை தரும் தேதியும் தரப்பட்டிருக்கும். உடலின் ஒரு செயல் தளர்ந்துவிட்டால் அம்மனிதனின் ஆண்மையே குறைந்துபோயிற்று என்று, அவன் வைத்தியரைக் காணுமுன்னரே நம் மொழி தீர்ப்பெழுதிவிடுகிறது. செவி மந்தமானவரைப் பற்றியோ, கண்ணில் புரை விழுந்தவரைப் பற்றியோ நாம் இவ்வாறு பேசுவதில்லை.

ஆங்கில மருத்துவ உலகிலும் நெடுங்காலம் இதே நிலைதான். ‘வலிமையற்றவன்’ என்று பொருள்படும் இலத்தீன் வேர்ச்சொல்லையே அவர்களும் வழங்கிவந்தனர். 1992 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் மாநாடு, அச்சொல்லை விடுத்து ‘விறைப்புக் குறைபாடு’ என்று பொருள்படும் சொல்லை ஆளவேண்டும் எனப் பரிந்துரைத்தது. இல்லற உறவுக்குப் போதிய விறைப்பை அடையவோ நிலைநிறுத்தவோ தொடர்ந்து இயலாதிருக்கும் நிலை என்பது அதன் இலக்கணம். ‘தொடர்ந்து’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். களைப்பினாலோ கவலையினாலோ என்றோ ஓர் இரவு நேர்வது நோயன்று. 1994-இல் வெளியான மாசசூசெட்ஸ் ஆய்வில், 40 முதல் 70 வயது வரையுள்ள ஆடவருள் 52 விழுக்காட்டினரிடம் இக்குறை ஏதேனும் ஓர் அளவில் காணப்பட்டது. அது அமெரிக்கக் கணக்கு என்பது உண்மையே. எனினும் ஞாயிறு திருப்பலியில் ஆண்கள் பக்கம் அமர்ந்து, ‘இத்தனை பேரில் நான் ஒருவன்தான் இப்படி’ என்று உள்ளுக்குள் குமைபவருக்கு அந்த எண் சற்று ஆறுதல் அளிக்கக்கூடும்.

மருத்துவம் அறிந்தோர் இந்நோயைப் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். இக்கட்டுரை கேட்க விழைவது அறநெறி சார்ந்த ஒரு கேள்வியை. உடலின் இத்தளர்ச்சிக்கு ஒருவன் பொறுப்பாளி ஆவானா? பொறுப்பாளி அல்லன் எனில், அவன் எதற்குத்தான் பொறுப்பாளி?

இக்கேள்வியின் முதற்பாதியைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் புனித அகுஸ்தினார். தமது ‘இறைவனின் நகரம்’ என்னும் பெருநூலின் 14-ஆம் பகுதியில், மனிதனின் கைகளும் கால்களும் அவனது விருப்பத்திற்குப் பணிய, இந்த ஓர் உறுப்பு மட்டும் பணியாதிருப்பதை எண்ணி வியக்கிறார். வேண்டாத வேளையில் அது கிளர்ந்தெழும். வேண்டி நிற்கும் வேளையில், உள்ளம் வேட்கையால் எரிந்தாலும் உடல் குளிர்ந்து கிடக்கும் என்பது அவர் கண்ட உண்மை. காதுகளை விரும்பியபடி அசைக்க வல்லவர்களும் இருக்கிறார்களே என்று அவர் எடுத்துக்காட்டுத் தருவது படிப்போர்க்குப் புன்னகை வரவழைக்கும். இறைவனுக்கு மனிதன் கீழ்ப்படியவில்லை. ஆதலால் மனிதனுக்கு அவன் உடல் கீழ்ப்படிவதில்லை என்பது அவர் தந்த விளக்கம். அவ்விளக்கத்தில் இறையியலார் கருத்து வேறுபடலாம். ஆயினும் ஒன்று தெளிவு: உடல் பணியாமையை அவர் தனியொருவனின் குற்றமாகக் கருதவில்லை, மனித குலம் முழுமைக்கும் பொதுவான நிலையாகவே கண்டார்.

அவர் கண்ட உண்மையை இன்றைய உடலியல் வேறு சொற்களால் உறுதிப்படுத்துகிறது. விறைப்பு என்பது நாம் கையை உயர்த்துவது போன்ற தசைச்செயல் அன்று. இதயத் துடிப்பையும் செரிமானத்தையும் போல, தன்னியக்க நரம்புகளின் ஆட்சிக்கு உட்பட்டது. மனம் கனிந்து அமைதியுற்றிருக்கும்போது அந்நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைச் சுரக்கின்றன. அதனால் குருதிக்குழாய்களின் மென்தசை தளர்கிறது. குருதி பெருகி உள்ளே நிறைகிறது. அந்நிறைவே வெளியேறும் சிரைகளை அழுத்தி அடைத்துக்கொள்கிறது. மாறாக, அச்சமோ பதற்றமோ எழுந்தால் அட்ரினலின் சுரந்து அதே தசைகளை இறுக்கிவிடும், குருதி திரும்பிவிடும். ஆகவே ‘இன்று எப்படியும் வெற்றி பெற்றாகவேண்டும்’ என்று உறுதி பூணுபவன் தோல்விக்கே வழிகோலுகிறான். மனவுறுதியால் வெல்லும் களம் அன்று இது.

இதனை அறியாத நீதி எத்துணைக் கொடிதாகும் என்பதற்குப் பிரான்சு நாட்டு வரலாற்றில் ஒரு வழக்கு உண்டு. அங்கே 16-ஆம் நூற்றாண்டு முதல், கணவன் இயலாதவன் என்று மனைவி வழக்குத் தொடுத்தால், மருத்துவரும் மருத்துவச்சிகளும் அருகிருக்க இருவரும் கூடிக் காட்டவேண்டும் என்னும் விந்தையான சோதனை வழக்கில் இருந்தது. திருச்சபை நீதிமன்றங்களும் அதனை மேற்கொண்டன என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. லாங்கே என்னும் பிரபு, மனைவியின் குற்றச்சாட்டை மறுத்துத் தாமே அச்சோதனையைக் கோரினார். பாரிஸ் நகரமே பேசிச் சிரிக்க, 1659-இல் சோதனை நடந்தது, அவர் தோற்றார். திருமணம் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. மறுமணம் செய்யவும் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அவர் வேறொரு பெண்ணை மணந்து ஏழு மக்களுக்குத் தந்தையானார். வெட்கிப்போன பாரிஸ் நீதிமன்றம் 1677-இல் அச்சோதனையையே ஒழித்தது. அன்று மனிதரைச் சூழ்ந்திருந்த சாட்சிகள் இன்று இல்லைதான். எனினும் நம் இல்லங்களில் திருமணம் முடிந்த மறுநாட்காலை மணமக்களின் முகத்தை ஆராயும் கண்களும், மூன்றாம் திங்களிலேயே ‘ஏதும் விசேஷம் உண்டா?’ என்று வினவும் நாவுகளும் செய்வது என்ன?

திருச்சபைச் சட்டம் இதில் மெல்ல மெல்லத் தெளிவு பெற்றது. 1587-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஸ்பெயினில் இருந்த தம் தூதருக்கு எழுதிய மடல், விதைப்பைகள் இழந்தோரின் திருமணம் செல்லாது என்றது. உண்மையான விந்து வேண்டும் என்னும் அக்கருத்து நூற்றாண்டுகளாக நீடித்தது. 1977-இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அது தேவையில்லை என விளக்கியது. இடையே சென்றவை 390 ஆண்டுகள். 1983-இல் வெளியான சட்டத் தொகுப்பின் 1084-ஆம் விதி இன்று நம்மை நடத்துகிறது. இல்லற உறவு கொள்ள இயலாமை, திருமணத்திற்கு முன்பே இருந்து, நிரந்தரமானதாகவும் இருந்தால் மட்டுமே திருமணத்தைச் செல்லாததாக்கும். ஐயம் இருந்தால் திருமணத்தைத் தடை செய்யலாகாது. மலட்டுத்தன்மையோ திருமணத்தைத் தடுப்பதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் நம்மிடையே மிகுதி. விறைப்பில் குறையே இல்லாதவர் விந்தணுக்கள் இன்றி இருக்கலாம். விறைப்புக் குறைந்தவருக்கு விந்தணுக்கள் செவ்வனே இருக்கலாம்.

விதியிலுள்ள ‘நிரந்தரம்’ என்னும் சொல்லின் எல்லையைச் சட்ட அறிஞரைவிட மருத்துவரே மாற்றியமைத்துவிட்டனர் என்பது என் எண்ணம். அறநெறிக்கு உகந்ததும் உயிருக்கு ஆபத்தில்லாததுமான இயல்பான சிகிச்சையால் தீரக்கூடிய குறை நிரந்தரமானது ஆகாது என்பதே சட்ட மரபு. இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரில் ஃபைசர் நிறுவனத்தார் நெஞ்சுவலிக்கென ஒரு மருந்தை ஆய்ந்தனர். நெஞ்சுவலிக்கு அது பெரிதும் பயன்படவில்லை; ஆனால் ஆய்வுக்கு உட்பட்ட ஆடவர் எதிர்பாராத வேறொரு விளைவைத் தெரிவித்தனர். அதுவே 1998 மார்ச் 27-இல் அமெரிக்காவில் ஏற்பளிக்கப்பட்ட சில்டெனாஃபில். மக்கள் வழக்கில் வயாகரா. நைட்ரிக் ஆக்சைடு தொடங்கி வைக்கும் தளர்ச்சி விரைவில் கலைந்துவிடாமல் காப்பது அதன் வேலை. அது ஆசையை உண்டாக்குவதில்லை, அன்பையும் உண்டாக்குவதில்லை, கிளர்ச்சி இல்லாதவிடத்து அம்மாத்திரை செய்வது ஒன்றுமில்லை. 2003 முதல் இக்குடும்பத்தைச் சேர்ந்த தடாலாஃபில், வார்டெனாஃபில் ஆகியவையும் வழக்கிற்கு வந்தன. மாத்திரை பயன்தராதவர்க்கு வெற்றிடக் கருவி, ஊசி, 1970-களில் உருவான உட்பொருத்து கருவி என வேறு வழிகளும் உண்டு. ஆண் இயக்குநீர் குறைந்திருப்பது சோதனையில் தெரிந்தால் மட்டுமே அதனை ஈடுசெய்வர்.

காரணங்களுள் நம் மக்களுக்கு மிக நெருங்கியது நீரிழிவு. இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. நீரிழிவுள்ள ஆடவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் இக்குறையை அடைகின்றனர். உயர் குருதி அழுத்தம், அதற்கென உண்ணும் சில மாத்திரைகள், புகை, மது, மனச்சோர்வு, அதற்கான மருந்துகள், புராஸ்டேட் சுரப்பி அறுவை ஆகியவையும் காரணங்களே. உறக்கத்தில் ஆடவர்க்கு இரவில் மூன்று முதல் ஐந்து முறை தாமாகவே விறைப்பு ஏற்படுவது இயற்கை. விடியலில் அது காணப்பட்டு, உறவின்போது மட்டும் இயலாமற்போனால், குறை பெரும்பாலும் உள்ளத்தின் பதற்றத்தில் என மருத்துவர் உய்த்துணர்வர். இவற்றுள் எதிலும் ‘இளமையில் செய்த தவறு’ என்னும் காரணம் இல்லை. விடுதி வைத்தியர் விற்கும் அந்த அச்சத்தை, அரைகுறையாய் மறைக்கல்வி கற்ற மனச்சான்று எளிதில் விலைக்கு வாங்கிவிடுகிறது என்பது வருந்தத்தக்கது. பிறவிக் குருடனைக் கண்டு ‘யார் செய்த பாவம் இது?’ என்று கேட்ட சீடர்களுக்கு, இவனுமல்லன், இவன் பெற்றோருமல்லர் என ஆண்டவர் மறுமொழி தந்ததை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் படிக்கிறோம். படித்துவிட்டு அதே கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்கிறோம்.

ஆக, தளர்ச்சியில் குற்றமில்லை. இனி நம் கேள்வியின் மறுபாதி. உடல் பணியாதபோதும் மனிதனின் விருப்பத்திற்குப் பணியும் உறுப்பு ஒன்று எஞ்சியிருக்கிறது, அது நாவு.

நம் குடும்பங்களில் நடப்பதை எண்ணிப் பார்ப்போம். மணமாகி ஐந்தாண்டுகள். குழந்தை இல்லை. காரணம் கணவனுக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும், வேறு எவருக்கும் தெரியாது. மாமியார் மருமகளை மருத்துவமனை மருத்துவமனையாக அழைத்துச் செல்கிறார். அவளுக்கு ஸ்கேன், அவளுக்கு ஊசி, அவளுக்குப் பத்தியம். வேளாங்கண்ணியில் வெயிலில் முழந்தாளிட்டு நகர்பவளும் அவளே. ஊரார் ‘மலடி’ என்று பேசும்போது கணவன் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறான். அவன் உடல் செய்யாத குற்றத்தை இப்போது அவன் மௌனம் செய்கிறது. பொய்ச் சான்று கூறாதே என்பது எட்டாம் கட்டளை. தன் மனைவிக்கு எதிராக ஊரே பொய்ச்சான்று கூறும்போது, அதனைத் தடுக்க வல்ல ஒரே மனிதன் வாளாவிருந்தால், அச்சான்றில் அவனுக்கும் பங்குண்டு. அவன் தன் குறையைத் தெருவில் முழங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ‘அம்மா, குறை அவளிடம் இல்லை; இனி அவளை அலைக்கழிக்க வேண்டாம்’ என்று வீட்டிற்குள் சொல்லும் இரு வாக்கியங்கள் போதும்.

திருமணத்திற்கு முன்பே தன் நிலையை அறிந்தவனின் கடமை இன்னும் கனமானது. ‘கலியாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று உறவினர் கூறுவதை நம்பி, மருத்துவரைக்கூடக் காணாமல் மணமேடை ஏறுவோர் உண்டு. மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசித்து ‘தடை ஏதும் அறிந்தவர் கூறுக’ என்று திருச்சபை கேட்பது, அறிந்தவர் முதலில் தாமே என்னும் நினைவோடு கேட்கப்பட வேண்டிய ஒன்று. இல்லற வாழ்வைப் பெரிதும் குலைக்கக்கூடிய ஒரு குறையை, இசைவு பெறும் நோக்கத்தோடு மறைத்து வஞ்சிப்பதும் திருமணத்தைச் செல்லாததாக்கும் என்கிறது 1098-ஆம் விதி. நாட்டுச் சட்டமும் இதனை அறியும்: கிறிஸ்தவர்க்குரிய 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, திருமணத்தின்போதும் வழக்குத் தொடுக்கும்போதும் ஒருவர் இயலாதவராக இருந்தால் அத்திருமணத்தைச் செல்லாது என அறிவிக்க இடமளிக்கிறது. சட்டத்திற்கு அஞ்சி உண்மை பேச வேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. பெண்ணொருத்தி தன் வாழ்நாள் முழுவதையும் கையளிக்கும்போது, எதற்கு இசைகிறாள் என்பதை அறியும் உரிமை அவளுக்கு உண்டு. மருத்துவரைக் கண்டு, அவர் கூறுவதை அறிந்து, அதனை அவளிடம் தனிமையில் கூறிவிட்டால், பெரும்பாலும் அத்திருமணம் நின்றுபோக வேண்டிய தேவையே எழாது. மறைக்கப்பட்ட சிறு குறை பின்னாளில் வெளிப்படும்போதுதான் பெருங்குறையாகிறது.

மணமான பின்னர் வரும் குறையோ திருமணப் பிணைப்பைச் சிறிதும் தொடுவதில்லை. ஐம்பது வயதில் நீரிழிவால் தளர்ந்தவர் கணவர் என்னும் நிலையிலிருந்து இறங்கிவிடுவதில்லை. உடலும் நலமும் மாறும் என்று அறிந்தேதான் நாம் வாக்குக் கொடுத்தோம். ஆனால் இங்கும் மௌனம் வேறு வடிவில் வருகிறது. தோற்றுவிடுவோமோ என அஞ்சும் கணவர், உறவை மட்டுமன்றி அதற்கு இட்டுச்செல்லக்கூடிய எல்லாவற்றையும் தவிர்க்கத் தொடங்குகிறார். கையைப் பற்றுவதில்லை, அருகில் அமர்வதில்லை, அவள் உறங்கிய பிறகே அறைக்கு வருகிறார். மனைவி என்ன நினைப்பாள்? தன் முதுமை அவருக்குக் கசந்துவிட்டது என்றோ, வேறொருத்தி வந்துவிட்டாள் என்றோ நினைப்பாள். ஒரு குருதிக்குழாயின் அடைப்பு, பேசப்படாததனால், அன்பின் அடைப்பாக அவளுக்குத் தோன்றுகிறது. கணவனின் உடல்மேல் மனைவிக்கும் உரிமை உண்டு என்று புனித பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் கூறுவதை நாம் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். அவ்வுரிமையில், அவ்வுடலுக்கு என்ன நேர்ந்தது என்று அறியும் உரிமையும் அடங்கும்.

அதே அதிகாரத்தில், இருவரும் மனமொத்துச் சிறிது காலம் விலகியிருக்கலாம் என்றும் அவர் கூறுகிறார். இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க ஒரு சிகிச்சை முறையை 1970-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்களான மாஸ்டர்ஸ், ஜான்சன் ஆகியோர் நூலாக வெளியிட்டனர். அவர்களது ஆய்வுகளில் நாம் ஏற்கவியலாதவையும் உண்டு. ஆயினும் பதற்றத்தால் தளர்ந்தவர்க்கு அவர்கள் தந்த முதல் அறிவுரை, சில வாரங்களுக்கு உறவே கூடாது என்பது. தொடுதலும் அருகிருத்தலும் மட்டும் போதும். எதையும் சாதித்துக் காட்ட வேண்டியதில்லை. சோதனை என்னும் அச்சம் நீங்கியதும் பலரிடம் உடல் தானே இயல்புக்குத் திரும்பியது. லாங்கே பிரபுவுக்கு மறுக்கப்பட்டது இதுதான். இச்சிகிச்சை தனியொருவனுக்கு அளிக்கப்படக்கூடியது அன்று; கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

இரகசியம் காக்க விழைவோர் சென்றடையும் இடங்களை முதலிலேயே கண்டோம். இக்குறையைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் விளம்பரச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் இருக்கிறது, சுவரொட்டிகளும் இருக்கின்றன. மூலிகை எனச் சொல்லி விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் சில்டெனாஃபில் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் ஆய்வகச் சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. நெஞ்சுவலிக்காக நாவின் அடியில் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை வைத்துக்கொள்பவர்க்கு இது உயிருக்கே ஆபத்து. இரண்டும் ஒரே வழியில் குருதிக்குழாய்களைத் தளர்த்துவதால் குருதி அழுத்தம் திடீரெனச் சரிந்துவிடும். மனைவிக்கும் தெரியாமல், தம் இதய மருத்துவருக்கும் தெரியாமல் அப்பொடியை உட்கொண்ட ஒருவர் நள்ளிரவில் மயங்கி விழுந்தால், மருத்துவமனையில் என்ன சொல்வதென்று அவ்வீட்டில் எவருக்குத் தெரியும்?

மருந்தின் துணையை நாடுவது முறையா என வினவும் பக்தியுள்ள உள்ளங்களும் உண்டு. இல்லற உறவுக்குத் துணைநிற்பது வேறு, அவ்வுறவுக்கே மாற்றாக வந்து அமர்வது வேறு என்னும் பாகுபாட்டை 1987-இல் வெளியான ‘உயிர் என்னும் கொடை’ அறிவுரை தெளிவாகத் தந்துள்ளது. தளர்ந்த செயலுக்கு மீண்டும் வலுவூட்டும் மாத்திரை, கண்ணுக்குக் கண்ணாடி போன்றதே. ஆனால் எழுபது வயதிலும் இருபதின் வேகம் வேண்டும் என்று தூண்டும் வணிகக் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டுவதில்லை. முதுமையில் இயல்பாய்த் தணிவதை ஏற்று, அருகமர்ந்து பேசுவதில் நிறைவு காணும் தம்பதியர் எதையும் இழந்தவர் அல்லர். மருந்து வேண்டாம் என அவர்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம்.

அத்தகையோரும் ஒருமுறை மருத்துவரைக் காண்பது நலம். அவ்வுறுப்புக்குச் செல்லும் தமனிகள் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அகலமே உடையவை. இதயத்தின் தமனிகள் மூன்று, நான்கு மில்லிமீட்டர். கொழுப்புப் படிந்து குழாய்கள் குறுகும்போது, சிறியவையே முதலில் அடைபடும். ஆதலால் இத்தளர்ச்சி, மாரடைப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்து எச்சரிக்கும் அறிகுறியாக இருக்கலாம். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளும் அதைப் பற்றியவையே: சர்க்கரை எவ்வளவு, குருதி அழுத்தம் எவ்வளவு, புகைப்பதுண்டா, மாடி ஏறினால் மார்பு இறுகுகிறதா, என்னென்ன மாத்திரைகள் உண்கிறீர்கள். அக்கேள்விகளில் சிலவற்றுக்குக் கணவரைவிட மனைவியே சரியான விடை கூறுவார்.